இம்பிளான்ட் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் இம்பிளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "டைட்டானியமா, சிர்கோனியாவா டாக்டர்?" என்றுதான். முன்னது உலோகம், பின்னது வெள்ளைப் பீங்கான். கேட்க வேண்டிய கேள்வியே. அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. எலும்பு டைட்டானியத்தை நேராகத் தொடுவதே இல்லை. உலோகத்தில் காற்றுப் பட்டதுமே அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. எலும்பு சந்திப்பது அந்தப் படலத்தையும் அதன் மேடுபள்ளத்தையும்தான்.

சுத்தமான டைட்டானியம்தான் உசத்தி என்பது இன்னொரு நினைப்பு. கலப்பில்லாத டைட்டானியத்திலேயே கிரேடு 1 முதல் 4 வரை உண்டு. ஆக்சிஜன் ஏற ஏற உறுதியும் ஏறும். கிரேடு 1தான் மிகச் சுத்தம், ஆனால் மிக மெத்தென்றதும் அதுவே. அதனால்தான் இம்பிளான்டுக்கு கிரேடு 4ஐ அதிகம் எடுக்கிறார்கள். கிரேடு 5 என்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை, இன்னும் வலுவானது.

அதிகம் குழம்புவது சொரசொரப்பில். இன்றைய பல் இம்பிளான்டுக்கு முன்னோடியான ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த திருகுகள் கடைசல் பிடித்தபடியே வழவழவென்றுதான் இருந்தன. இப்போது அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகளை வேகமாக அடித்துப் பள்ளம் விழச் செய்து, பிறகு அமிலத்தில் முக்கி, பெரிய பள்ளத்துக்குள் பொடிப்பொடிக் குழிகளை உண்டாக்குகிறார்கள். சராசரி சொரசொரப்பு 1 முதல் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருந்தால் எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. அப்படியானால் 4 மைக்ரான் இருந்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. பிடிப்பு அந்த அளவுக்குக் கூடிவிடாது, தொல்லைதான் கூடும். என்றைக்காவது எலும்பு இறங்கித் திருகின் மரை வாய்க்குள் தெரிய ஆரம்பித்தால், எலும்பு பிடித்த அதே குழிகளில் கிருமிகள் குடியேறிவிடும், துடைத்தெடுப்பது பெரும்பாடு. ஈறுப்பக்கக் கழுத்தைப் பல இம்பிளான்டுகளில் வழவழப்பாக விடுவது இதற்காகத்தான். எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசினால் எலும்பு ஏமாந்து ஒட்டிக்கொள்ளும் என்ற யோசனையும் அழகானதுதான். ஆனால் பிளாஸ்மா முறையில் (கடும் சூட்டு வாயுவில் உருக்கித் தெளித்து) தடிமனாகப் பூசியவற்றில் பூச்சு உரிந்துவந்த கதைகள் உண்டு. பூச்சு என்று யாராவது சொன்னால், எவ்வளவு கனம், எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்பேன்.

மருத்துவர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு: தாடை எலும்பில் திருகுக்கான குழி தயாராகும் முன்பே பாக்கெட்டைப் பிரித்துத் திருகைத் தட்டில் வைத்துவிடுவது. அமிலக் குளியலில் இருந்து வந்த புது டைட்டானியம் நீரை இழுக்கும். ரத்தம் பட்டால் மரைக்கு மரை தானாக ஏறும். காற்றில் கிடந்த மேற்பரப்பில் கரிமச் சேர்மங்கள் படிந்து, அதே ரத்தம் தாமரை இலைத் தண்ணீராய் முத்து முத்தாக நிற்கும். சில வகைத் திருகுகளை உப்புநீர்க் குழாயிலேயே அடைத்து விற்பது இதற்காகத்தான். கையுறை விரலும் எச்சிலும் படுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிர்கோனியாவை உடைக்க முடியாத வெள்ளைக் கல்லாக நினைப்பதும் ஆபத்து. இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்து நிலைப்படுத்திய இந்த பீங்கானில் விரிசல் ஓடத் தொடங்கினால், அதன் நுனியில் உள்ள படிகங்கள் உருமாறிப் பருத்து, விரிசலை நெரித்து நிறுத்தும். வாய்க்குள் வைத்து பர் (சுழலும் தேய்ப்பு முனை) போட்டுத் தேய்த்து உயரம் குறைத்தால், அந்தக் காவலை முன்கூட்டியே செலவழித்து, புது விரிசலுக்கும் விதை போட்டதாகும். ஈறு மெலிந்தவர்களுக்கு, டைட்டானியத்தில் போல ஈறு வழியே சாம்பல் நிழல் தெரியாது என்பது அதன் உண்மையான பலம். நெடுநாள் அனுபவம் டைட்டானியத்துக்கே அதிகம்.

வைத்த பிறகு சுத்தம் செய்யும்போது ஸ்டீல் கருவியால் சுரண்டக் கூடாது, டைட்டானியத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியக் கருவியோ, கிளைசின் பொடியைக் காற்றோடு பீய்ச்சும் முறையோ போதும். வழக்கமான பேஸ்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். அமிலத்தன்மையுள்ள, செறிவான ஃப்ளோரைடு ஜெல்தான் ஆக்சைடு படலத்தை அரிக்கும்.

இன்னொன்று: பாக்கெட்டோடு வரும் லேபிளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு மருத்துவர் திருகைக் கழற்ற வேண்டி வந்தால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று அந்தத் துண்டுக் காகிதம்தான் அவருக்குச் சொல்லும்.