மொரீசியசில் கிடைக்கும் பழைய ஈய முத்திரைகளைப் படிப்பது எப்படி

போர்ட் லூயியிலோ மாஹேபூரிலோ தோட்டம் கொத்தும்போது கனத்த சாம்பல் நிற வில்லை ஒன்று கிடைத்தால், தேய்த்துவிடாதீர்கள். ஈயம் மிருதுவானது, அழுத்தித் துடைத்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். மென்தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றுங்கள்.

முதலில் பின்புறத்தைப் பாருங்கள். நூல் நுழைந்த துளை இருந்தால் அது பெரும்பாலும் மூட்டையைக் கட்டிய முத்திரை. நெசவின் தடம் பதிந்திருந்தால் துணியோடு சேர்த்து அழுத்தப்பட்டது.

அடுத்து இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, வில்லையைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் மேடாகத் தெரிந்தது, நிழல் விழுந்தவுடன் எழுத்தின் கால் என்று புலப்படும். இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

இத்தீவை 1638 முதல் 1710 வரை டச்சுக்காரரும், 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரரும், பின் 1968 வரை ஆங்கிலேயரும் ஆண்டதால், மூன்று மொழிகளையும் மனத்தில் வைத்துப் படியுங்கள். பெரிய 'வி' (V) எழுத்தின் கைகளில் 'ஓ' (O), 'சி' (C) பின்னியிருந்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி; நான்கு என்ற எண்ணைப் போன்ற குறியின் கீழ் இதய வடிவச் சட்டம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சுட்டும்; 'டூவான்' (Douane) என்ற பிரெஞ்சுச் சொல் சுங்கத்துறையைக் குறிக்கும்.

ஓக் மர இழுப்பறையில் வைக்காதீர்கள், அதன் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரிக்கும். தொட்ட கையை உடனே சோப்பால் கழுவுங்கள்.