நாஸ்கார் மாறிவிட்டது என்ற மனக்குறையை முறையாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் ஸ்டாக் கார் (சாதாரணக் கார்களின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் கார்) பந்தயங்களை 1948 முதல் நடத்திவரும் நாஸ்கார் அமைப்பின் மீது நெடுங்கால ரசிகர்கள் கொண்டிருக்கும் வருத்தம், பெரும்பாலும் ‘பழையபடி இல்லை’ என்ற ஒரே வாக்கியமாக வெளிப்படுகிறது. அந்த வாக்கியத்திற்குள் பாதுகாப்பு விதிகள், பட்டம் வழங்கும் முறை, காரின் அமைப்பு, பந்தயம் நடக்கும் ஊர்கள் என்று பல செய்திகள் சிக்கிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்து ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவுகோலால் பார்த்தால், எந்தக் குறை நியாயமானது, எது இளமைக்கால நினைவின் ஏக்கம் மட்டுமே என்பது தெளிவாகும்.

முதலில் பாதுகாப்பைத் தனியே எடுத்து வையுங்கள்

2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் அக்டோபருக்குள் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் ஆகிய மூன்று ஓட்டுநர்கள் தடத்தில் உயிரிழந்தனர். 2001 பிப்ரவரி 18 அன்று, டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டதும், மோதலின் விசையை உள்வாங்கும் சுவர்கள் எழுப்பப்பட்டதும், எல்லாரும் வேகம் குறைத்து வரிசையாக ஓட வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் கொடி காட்டிய பிறகும் தொடக்க-முடிவுக் கோட்டை நோக்கி விரைந்து இடம் பிடிக்கும் வழக்கம் 2003இல் தடை செய்யப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் எர்ன்ஹார்டுக்குப் பிறகு ஓர் ஓட்டுநர்கூடப் பந்தயத்தில் உயிரிழக்கவில்லை. ஆகவே இந்த மாற்றங்களை உங்கள் குறைகளின் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மற்ற குறைகளும் மதிப்பிழக்கும்.

பட்டத்தைப் பழைய கணக்கில் போட்டுப் பாருங்கள்

வருத்தத்தின் வேர் இங்கேதான் ஆழமாக ஓடுகிறது. இதற்கு ஒரு மாலைப்பொழுதையாவது ஒதுக்குங்கள். 1975 முதல் 2003 வரை இருந்த முறையில், வெற்றியாளருக்கு 175 புள்ளிகள் வழங்கப்பட்டன. அடுத்து ஆறாம் இடம்வரை ஒவ்வோர் இடத்திற்கும் ஐந்து புள்ளிகளும், பதினோராம் இடம்வரை நான்கும், அதற்குப் பின் மூன்றும் குறைந்துகொண்டே வந்தன. ஒரு சுற்றாவது முன்னிலை வகித்தவருக்கு ஐந்து புள்ளிகளும், மிகுதியான சுற்றுகள் முன்னிலை வகித்தவருக்கு மேலும் ஐந்தும் கூடுதலாகக் கிடைத்தன. ஒரு பருவத்தின் முடிவுகளை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கின்படி அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள்.

அட்டவணையைப் போடும்போதே பழைய முறையின் குறையும் கண்ணில் படும். அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்து இரண்டாவதாக வந்தவர் 180 புள்ளிகள் பெறுவார். அதே பந்தயத்தை வென்றவருக்கும் 180தான் கிடைக்கும். 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியுடன் பட்டம் வென்றபோது, எட்டுப் பந்தயங்களை வென்ற ரையன் நியூமன் ஆறாம் இடத்தில் நின்றார். எனவே மாற்றம் வேண்டும் என்று கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. 2004இல், கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கு முன் முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளை மாற்றியமைத்து, அவர்களுக்குள்ளேயே பட்டத்தை முடிவு செய்யும் ‘சேஸ்’ முறை வந்தது.

ரசிகர்களைப் பெரிதும் புண்படுத்தியது 2014இல் வந்த வெளியேற்றச் சுற்று முறை என்பதே என் கருத்து. பதினாறு பேரில் தொடங்கி, படிப்படியாக நான்கு பேராகச் சுருக்கி, ஆண்டு முழுவதற்குமான பட்டத்தை ஒரே ஒரு பந்தயத்தின் கையில் அது ஒப்படைத்தது. 2024இல் சாம்பியனான ஜோயி லொகானோவின் 36 பந்தயச் சராசரி இடம் பதினேழை ஒட்டியே இருந்தது. 2025இல் ஆறு வெற்றிகள் பெற்றிருந்த டென்னி ஹாம்லின், பீனிக்ஸில் நடந்த இறுதிப் பந்தயத்தின் பெரும்பகுதியை முன்னிலையில் ஓட்டினார். முடிவை நெருங்கும் வேளையில் பறந்த ஒரு மஞ்சள் கொடியால் பட்டத்தை இழந்தார். அந்தப் பந்தயத்தில் ஒரு சுற்றுகூட முன்னிலை வகிக்காத கைல் லார்சன் சாம்பியன் ஆனார். இருவரும் சிறந்த ஓட்டுநர்களே; லார்சனிடம் எந்தக் குற்றமும் இல்லை, குறை விதியில்தான் இருக்கிறது. 2026 பருவத்திற்கு வெளியேற்றச் சுற்றுகளைக் கைவிட்டு, பதினாறு ஓட்டுநர்கள் கடைசிப் பத்துப் பந்தயங்களிலும் புள்ளி சேர்க்கும் சேஸ் வடிவத்திற்கே நாஸ்கார் திரும்பியது.

உங்கள் அட்டவணையை ஒரு வரம்போடு படியுங்கள். வெளியேற்றச் சுற்று முறையில், ஒரு வெற்றியால் அந்தச் சுற்றுகளுக்கான இடம் உறுதியான ஓட்டுநர் அடுத்த வாரங்களில் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படாமல் துணிந்து ஓட்டியிருப்பார். பழைய விதி இருந்திருந்தால் அவர் வேறு விதமாக ஓட்டியிருப்பார். ஆகவே அட்டவணை ‘உண்மையான சாம்பியன்’ யார் என்று நிறுவாது. ஆண்டு முழுவதும் சீராக ஓட்டியவர் யார் என்பதையே காட்டும்.

காரைக் கண்ணால் மட்டுமல்ல, காதாலும் கவனியுங்கள்

ஒரே தடத்தில் நடந்த இரண்டு பந்தயங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ அரை மைல் நீளமுள்ள மார்ட்டின்ஸ்வில் இதற்கு மிகவும் ஏற்றது. 1990களில் நடந்த ஒன்றையும் 2022க்குப் பிந்தைய ஒன்றையும் தேர்ந்துகொள்ளுங்கள். 2022இல் அறிமுகமான காரில் அகன்ற டயர்கள், ஒவ்வொரு கியராக வரிசைப்படி மாற்றும் ஐந்து கியர் கியர்பாக்ஸ், தனித்தனியாக இயங்கும் பின் சஸ்பென்ஷன் ஆகியவை வந்தன. பெரும்பாலான பாகங்களும் எல்லா அணிகளுக்கும் ஒரே நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. வளைவில் கியர் மாற்றும் ஓசையைக் கேளுங்கள். முன்பு வளைவில் தவறு செய்தவர் அதற்கான விலையை அடுத்த நேர்பாதை முழுவதும் கொடுத்தார். இப்போது கியரைக் குறைத்து உடனே மீண்டுவிடுவதால், பின்னால் வருபவருக்கு முந்தும் வாய்ப்பு அரிதாகிறது. 2026 முதல் சிறிய தடங்களில் எஞ்சின் ஆற்றலை 670இலிருந்து 750 குதிரைத்திறனாக உயர்த்தியதற்குப் பின்னால் இந்தக் குறையும் இருக்கிறது.

பார்க்கும்போது, விபத்தால் வந்த மஞ்சள் கொடிகளையும் பந்தயத்தைப் பகுதிகளாகப் பிரித்து 2017 முதல் திட்டமிட்டே வரும் ‘ஸ்டேஜ்’ இடைநிறுத்தங்களையும் தனித்தனியே எண்ணிக்கொள்ளுங்கள். எரிபொருளையும் டயரையும் சேமித்து, நூறு சுற்றுகளுக்கு மெல்ல மெல்ல முன்னேறிவந்த ஓட்டுநரின் உழைப்பு, ஒரு திட்டமிட்ட இடைநிறுத்தத்தில் கரைந்துபோவதை நீங்களே காண்பீர்கள்.

ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ 1996இலும், ராக்கிங்ஹாம் 2004இலும் கப் பந்தயங்களை இழந்தன. தென் கரோலினாவின் டார்லிங்டனில் அமெரிக்க உழைப்பாளர் தின (செப்டம்பர்) வாரத்தில் நடந்துவந்த பந்தயம் 2003க்குப் பிறகு வேறு ஊருக்கு நாடுகடத்தப்பட்டு, 2015இல் திரும்பியது. நார்த் வில்க்ஸ்பரோ 2023இல், பட்டத்துக்கான புள்ளிகள் இல்லாத ஆல் ஸ்டார் பந்தயத்துடன் உயிர்பெற்றது. புதிய ஊருக்குப் பந்தயம் போவதை எதிர்ப்பதைவிட, எந்தப் பழைய ஊரிடமிருந்து அது எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

குறையை எழுதும் விதம்

தடத்தின் பெயரையும், குறிப்பிட்ட விதியையும், அது பந்தயத்தில் விளைவித்ததையும் எழுதுங்கள். பிரிஸ்டல் தடத்தின் சரிவை 2007இல் மாற்றியபோது கார்கள் அருகருகே ஓடி முந்த முடிந்தது. ஆனால் முன்னால் செல்பவரைத் தட்டி விலக்கியே முந்த வேண்டியிருந்த பழைய மோதல் மறைந்தது, இருக்கைகளும் காலியாயின. 2012 வசந்தகாலப் பந்தயத்திற்குப் பிறகு உரிமையாளர் புரூட்டன் ஸ்மித் ரசிகர்களின் கருத்தை வெளிப்படையாகவே கேட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் பந்தயத்திற்குள் தடத்தின் சரிவில் மேற்புற ஓட்டப்பாதை செதுக்கி மாற்றப்பட்டது.