தண்ணீர் மெஷினுக்குத் தொடுதிரை எதற்கு?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் தண்ணீர் மெஷினோ டீக்கடையோ போடப் போகிறீர்களா? மெஷின் விற்க வருகிறவர் முதலில் திரையைத்தான் போட்டுக் காட்டுவார். பளபளப்பாகத்தான் இருக்கும். அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்த பெயிண்ட் போர்டு என்ன வேலை பார்த்தது என்று கேட்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

"20 லிட்டர் 10 ரூபாய், காசு போட்டுப் பச்சை பட்டனை அமுக்கவும்" என்று சுவரில் எழுதியிருந்தால், கேனோடு வருகிறவர் சைக்கிளை விட்டு இறங்காமலே படித்துவிடுவார். தொடுதிரையில் அதையே மொழி, அளவு, பணம் கட்டும் வழி என்று மூன்று பக்கமாகப் பிரித்துவிடுகிறார்கள். நடுவே பொங்கல் வாழ்த்து வேறு ஓடும். அது முடியும்வரை விலை தெரியாது.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளில் 2018இல் சிகாகோவில் தொடங்கி, ஃப்ரிட்ஜின் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பாட்டில்களின் படத்தைக் காட்டும் திரைக் கதவுகளை மாட்டினார்கள். கண்ணாடி வழியே சும்மாவே தெரிந்த பாட்டில்தான்! விளம்பரக் காசுதான் நோக்கம். படத்தில் இருந்த சரக்கு உள்ளே இல்லாமல் போனது. சில கதவுகள் கறுத்துப் போயின. கடைசியில், திரை போட்ட கூலர் ஸ்கிரீன்ஸ் நிறுவனம் 2023இல் வால்கிரீன்ஸ்மீதே வழக்குப் போட்டது.

ஈரக்கையை மறந்துவிடுவது நம்மூருக்கே உரிய தவறு. இப்போதைய தொடுதிரைகள் பெரும்பாலும், விரல் பட்டதும் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத் தொட்ட இடத்தைக் கண்டுபிடிப்பவை. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும். தண்ணீர் பிடிக்க வருகிறவர் கை காய்ந்தா இருக்கும்? ஐப்பசி மழையில் திரையில் வழியும் நீரே தானாக எதையாவது தேர்ந்தெடுத்துவிடும். களை பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு அது சரியாக மசியவும் மசியாது. ரப்பர் வளையம் வைத்த இரும்பு பட்டனுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வெயிலையும் பாருங்கள். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு டிவியின் வெளிச்சம் சுமார் 300 நிட். மேற்குப் பார்த்த வாசலில் சித்திரை வெயிலுக்கு 2,000 நிட்டாவது வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும். விலைப்பட்டியலுக்கு டிவி மாட்டுகிறவர்கள் கரண்ட் கணக்கையும் போட வேண்டும்: 100 வாட் திரை 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், அதுவும் தினமும்.

கரண்ட் போனால் மெஷினே ஓடாதே, போர்டு எதற்கு என்பீர்கள். ஓடாது, எப்போது ஓடும் என்று சொல்லத்தான் போர்டு வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. "ஜெனரேட்டர் 5 மணிக்கு" என்று எழுத அந்த நேரத்தில் சாக்பீஸ் போதும்.

டிஜிட்டல் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. தராசின் சிவப்பு எண்களும், பணம் வந்ததும் தொகையைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியும் ஆளுக்கு ஒரே வேலையைச் செய்கின்றன, நன்றாகச் செய்கின்றன.

திரையோடுதான் வாங்குவேன் என்றால், விற்பவரிடம் திரையின் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் காசு விழுந்து தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால், திரை போகிற அன்று வியாபாரமும் நின்றுவிடும். விலையை நீங்களே மாற்ற முடியுமா, ரிப்பேருக்கு ஆள் தஞ்சாவூரிலிருந்து வருவாரா சென்னையிலிருந்தா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விலை, அளவு, உங்கள் போன் நம்பர் மூன்றையும் ரேடியம் ஸ்டிக்கரில் பெரிதாக வெட்டி ஒட்டுங்கள். திரைக்கு மேலே ஒட்டுங்கள். கீழே ஒட்டினால் கேன் மறைத்துவிடும்.