பனங்கொட்டையை மரமாக்குவது எப்படி? முதல்முறை விதைப்பவர்களுக்கு

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கும். தொப்பென்று ஒன்று விழும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எழுந்து போய்ப் பார்த்தால் கருத்த தோல் பிளந்து, மஞ்சள் சதை பிதுங்கி, பனம்பழம் வரப்போரம் கிடக்கும். வாசனை பாதி விளைக்கு (எங்கள் பக்கம் தோட்டத்தை விளை என்போம்) அடிக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைப் பொறுக்க எங்களுக்குள் போட்டியே நடக்கும். இப்போது எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பல விளைகளில் ரப்பர் நிற்கிறது. மிச்சமிருக்கிற பனைகளின் அடியில் பழம் கேட்பாரற்றுக் கிடந்து காய்கிறது.

அந்தப் பழத்தைப் பொறுக்கி நாலு பனையாவது வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செலவு கிடையாது. ஒரு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, ஒரு ஓலைப்பெட்டி போதும். ஆனால் வேலை தொடங்கும் முன்பு ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பனை முதலில் கீழே வளரும், பிறகுதான் மேலே வரும். இது புரியாததால்தான் நானும் முதல் வருடம் தோற்றேன்.

அந்த வருடம் நாற்பது கொட்டைகளைச் சின்ன நாற்றுப் பைகளில் போட்டு, கிணற்றடியில் வரிசையாக அடுக்கி, தினமும் தண்ணீர் ஊற்றினேன். மாதக்கணக்கில் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. தை மாதம் ஒரு பையைத் தூக்கினேன். பை வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தபோது 'மளுக்' என்று உள்ளே ஏதோ ஒடிந்தது. பையின் அடியைக் கிழித்துக்கொண்டு முளை தரைக்குள் போயிருக்கிறது. ஒடிந்த இடத்தில் தேங்காய்க் கீற்றுப் போல வெள்ளை வெளேரென்ற சதை. நாற்பதில் முளைத்தது எல்லாமே அப்படித் தரைக்குள் இறங்கியிருந்தது. எடுத்து நட்டதில் ஒன்றும் பிழைக்கவில்லை. பக்கத்து விளையில் பனையேறிய பாட்டா ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, பனைய நடக்கூடாது. போடணும். எங்க நிக்கணுமோ அங்கயே போடணும்."

கொட்டைக்குள் என்ன நடக்கிறது

கொட்டையின் ஒரு முனையில் கண் இருக்கும். மண்ணில் ஈரம் பட்டு சில வாரங்களில் அந்தக் கண்ணைத் திறந்துகொண்டு விரல் பருமனில் ஒரு குழாய் வெளியே வரும். அது மேலே வராது, நேராகக் கீழே இறங்கும். அதன் நுனியில்தான் மரத்தின் கரு இருக்கிறது. ஒரு முழம் வரைக்கும் இறங்கி, அங்கே சதை பிடித்துப் பருக்கும். நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு இதுதான். கிழங்கின் அடியிலிருந்து வேர் கீழே போகும். உள்ளிருந்து முதல் இலை அதே வழியாக மேலே ஏறும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் அடுத்த முறை அவித்த கிழங்கை இரண்டாகப் பிளக்கும்போது நன்றாகப் பாருங்கள். நடுவில் ஒல்லியாக, மடித்து வைத்தது போல, வெளிர் மஞ்சளில் ஒன்று இருக்கும். பீலி என்று உருவி எறிவோமே, அதுதான் அந்த மரத்தின் முதல் ஓலை.

அதே நேரம் கொட்டைக்குள் பஞ்சு போல ஒன்று வளர்ந்து, கெட்டியான பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் குழாய் வழியே கருவுக்கு அனுப்பும். பூரான் என்றும் தவுண் என்றும் சொல்லி, கொட்டையை வெட்டுகத்தியால் பிளந்து நாம் தின்கிற இனிப்புப் பஞ்சு அதுதான். கன்றுக்கான கட்டுச்சோறு. அதனால் விதைத்த கொட்டையை முளைத்திருக்கிறதா என்று தோண்டி எடுக்காதீர்கள். முளை ஒடிந்தால் எல்லாம் போச்சு.

கொட்டை எடுப்பது

ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழம்தான் வேண்டும். வெட்டி இறக்கிய காய் வேண்டாம். நல்ல பனை எது என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள்: அக்கானி (பதநீர்) நன்றாகச் சுரக்கும் மரம், பழம் கசக்காத மரம், குலை நிறையக் காய்க்கும் மரம். முடிந்தால் ஒரே மரத்திலிருந்து எடுக்காமல் நாலைந்து மரங்களின் அடியில் பொறுக்குங்கள்.

ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை இருக்கும். பழத்தைச் சுட்டுச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை விதைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். சூடு கருவைக் கெடுத்துவிடும். தின்பதற்கு வேறு பழம், விதைக்க வேறு பழம். விதைக்கும் பழங்களை நிழலில் ஒரு குவியலாகப் போட்டு வைத்தால் சில நாளில் சதை அழுகி இளகும். பிறகு கழுவிவிடுங்கள். தும்பு முழுவதும் போக வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே அளவில் இரண்டு கொட்டை இருந்தால் கனமானதை எடுங்கள். வண்டு துளைத்தது, கண்ணில் பூஞ்சை பிடித்தது, கையில் எடுத்தால் சக்கையாக இருப்பது மூன்றையும் தள்ளுங்கள். சுத்தம் செய்த கொட்டையை வெயிலில் காயப்போட்டுச் சேர்த்து வைக்க வேண்டாம். கூடிய சீக்கிரம் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

இடம் பார்ப்பது

மற்ற வேலைகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பனை மன்னித்துவிடும். இடம் தப்பினால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் பெயர்த்து நட வழியில்லை. இந்த மரம் எழுபது, எண்பது அடி வரை போகும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே நிற்கும். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா, பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை இருக்கிறதா என்று இன்றைக்கே நிமிர்ந்து பாருங்கள். காவோலையும் பழமும் விழுகிற இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது.

வெயில் முழுதாக வேண்டும். ரப்பர் நிழலிலும் நெருக்கமான தென்னந்தோப்புக்குள்ளும் போட்டால் கன்று வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே நிற்கும். எனக்குத் தெரிந்து நல்ல இடம் விளையின் எல்லை வரப்பு. பனையின் வேர் தென்னை வேர் மாதிரி கொத்துக் கொத்தாகத்தான் இறங்கும், வரப்பு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் குளக்கரைகளில் பனை வரிசையாக நிற்பது இதனால்தான். குளக்கரை பொது இடம் என்பதால் ஊராட்சியில் கேட்டுவிட்டுப் போடுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஓகிப் புயல் அடித்தபோது எங்கள் விளையில் வாழை முழுதும் போனது, தென்னை ஐந்து சாய்ந்தது. எல்லையில் நின்ற இரண்டு பனையும் ஓலை கிழிந்து நின்றன, விழவில்லை.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடற்கரை மணலிலும் வளரும், செம்மண்ணிலும் வளரும். தண்ணீர் கட்டி நிற்கும் பள்ளம் மட்டும் கூடாது. முளைக்கும் பருவத்தில் கொட்டை அழுகிவிடும்.

விதைப்பது

புரட்டாசி முடிவதற்குள் விதைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுதும் கிடைக்கும், நீங்கள் தண்ணீர் சுமக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் இருப்பது பெரிய கொடுப்பினை.

பத்தடிக்கு ஒரு குழி. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம். குழி வெட்டியதோடு நிறுத்தாமல் அதன் அடியில் கடப்பாரையை நாலைந்து குத்து ஆழமாகக் குத்தி, மண்ணை இளக்கிவிடுங்கள். மேற்கே சரளை மண் உள்ளவர்கள் இதை விடவே கூடாது. முளை கல்லில் முட்டினால் வளைந்து நெளிந்து கிழங்கு ஒல்லியாகிவிடும். பிறகு மேல்மண்ணோடு காய்ந்த சாணிப்பொடி இரண்டு கை கலந்து குழியை முக்கால்வாசி நிரப்புங்கள். பச்சைச் சாணி போடாதீர்கள். சாணிக்குவியலும் எருக்குழியும் பக்கத்தில் இருந்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகும்.

குழிக்கு இரண்டு கொட்டை, ஒரு சாண் இடைவெளியில். கண் இருக்கும் பக்கம் கீழே பார்க்க வையுங்கள். தெரியவில்லையா, படுக்கப் போடுங்கள், முளை தானே திரும்பிக் கீழே போகும். மேலே நாலு விரற்கடை மண் மூடி, காலால் லேசாக மிதித்துவிட்டு, காய்ந்த சருகு பரப்புங்கள். ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இந்தக் குச்சி முக்கியம். நாலு மாதம் கழித்து யாராவது புல் வெட்ட வரும்போது குழி எங்கே என்று உங்களுக்கே தெரியாது.

குழிக்கு இரண்டு எதற்கென்றால், ஒன்று முளைக்காமல் போகலாம். இரண்டும் வந்தால் இரண்டாவது வருடம் நோஞ்சானை வெட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டாம்.

எது ஆண், எது பெண் என்று கொட்டையையோ கன்றையோ பார்த்துச் சொல்ல வழியில்லை. பாளை விட்டால்தான் தெரியும். அலகுப்பனை, அதாவது ஆண் பனை, காய்க்காது, ஆனால் அதன் பாளையையும் சீவினால் அக்கானி தரும். பத்துக் கொட்டையாவது போட்டால் இரண்டும் கலந்து வரும்.

காத்திருக்கும் காலம்

மேலே ஒன்றும் தெரியாத மாதங்களில்தான் பலர் கைவிடுகிறார்கள். முதல் ஓலை தலைகாட்ட பல மாதம் ஆகும், ஒரு வருடம் வரைகூடப் போகலாம். வரும்போது பனை மாதிரியே இருக்காது. பட்டையாக, நீளமாக, கோரைப்புல்லைக் கொஞ்சம் அகலப்படுத்தியது மாதிரி ஒற்றை இலை. களை என்று நினைத்து அரிவாளால் அறுத்தவர்களை எனக்குத் தெரியும். அறுபட்டாலும் குருத்து மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் மறுபடி வரும், ஆனால் ஒரு வருடம் பின்தங்கும்.

முதல் இரண்டு கோடைக்கு, மாசியிலிருந்து சித்திரை வரை, வாரம் ஒரு குடம் தண்ணீர் போதும். ஆடு மேயும் இடமென்றால் சுற்றி முள் வையுங்கள். மலையோரம் இருக்கிறவர்களுக்குப் பெரிய தொல்லை காட்டுப்பன்றி, கிழங்கு வாசனைக்கு வந்து கிளறிவிடும். விதைத்த குழியின் மேல் இரண்டு பெரிய கல்லைச் சாய்த்து வைத்து, நடுவில் கையளவு இடம் விட்டேன். எனக்கு அது உதவியது.

சில வருடங்களில் இலை பிரிந்து விசிறியாகும், மட்டையில் கருக்கு வரும். அந்தப் பருவத்தில் அதை வடலி என்போம். தண்டு இன்னும் மண்ணுக்குள்தான் பருத்துக்கொண்டிருக்கும். அடி போதுமான அகலம் பிடித்த பிறகே மரம் உயரத் தொடங்கும். பாளை வர பன்னிரண்டு, பதினைந்து வருடம், சிலவற்றுக்கு இருபது. 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று பழமொழி சொல்லிப் பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது வயதில் போட்டவர் அறுபதுக்குள் நுங்கு வெட்டலாம். அதற்கு முன்பே வடலி ஓலை பெட்டி முடைய உதவும்.

முதல் தைக்கே பலன் வேண்டுமென்றால் மிச்சக் கொட்டைகளைக் கிழங்குக்குப் போடுங்கள். இளகிய மண்ணை இரண்டடி உயரத்துக்கு மேடாகக் குவித்து, மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மண்ணும் சருகும் மூடிவிட வேண்டும். பொங்கலுக்கு மேட்டைச் சரித்தால் கிழங்கு ஒடியாமல் வரும். முளை எப்படி இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் இதைவிட நல்ல வழி இல்லை.

குளிர் ஊரில் இருக்கிறவர்களுக்கு

குன்னூரில் இருக்கும் என் தம்பி இரண்டு முறை கொட்டை வாங்கிப் போனான். வளரவில்லை. பனை வெப்பத்தின் பிள்ளை, உறைபனி அதற்கு ஆகாது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களும் வெளிநாட்டுக் குளிரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் விசிறி ஓலை வாசலில் நிற்க வேண்டுமென்று ஆசைப்பட்டால் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்ற சீனத்துப் பனையைத் தேடுங்கள். உடம்பெல்லாம் பன்னாடை போல் நார் சுற்றியிருக்கும். நன்றாக வேரூன்றிய மரம் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியையும் தாங்கும். இதைத் தொட்டிக் கன்றாகவே வாங்கி நடலாம். குளிர்காலம் முடிந்த கையோடு நட்டால் அடுத்த குளிருக்குள் வேர் பிடிக்கும். அடியில் தண்ணீர் தேங்காமல் மணல் கலந்த மேட்டில், பலமான காற்று ஓலையைக் கிழிக்காத மூலையில் வையுங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி உறைந்தால் அழுகும். முதல் குளிர்காலத்தில் ஓலைகளைக் கூட்டிக் கட்டிச் சாக்கு சுற்றிவிட்டால் போதும். நுங்கும் அக்கானியும் அதில் கிடைக்காது.

இங்கே நம் மாவட்டத்தில் விதைத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த ஆவணியில் குச்சிகளை எண்ணிக்கொண்டே வரப்பில் நடந்து போங்கள். ஓலை வராத குழியின் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் புதுக் கொட்டை ஒன்று போடுங்கள், பழையதைக் கிளறாமல். என் விளையில் ஏழாவது குழி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஐப்பசி மழையில் பழையதன் பீலி வெளியே வந்தது.