மனசு கனத்தால் யாரிடம் போவது? டெய்லர் அக்கா சொல்லும் வழி

பெரம்பூரில் ஜாக்கெட் தைக்கிறேன். அளவெடுக்க டேப்பைத் தோளில் வைத்ததும் பல பெண்களுக்கு வாய் திறந்துவிடும். மாமியார், கடன், புருஷனின் குடி, மகளின் மார்க், எல்லாம் வரும். எல்லோரும் “மனசு சரியில்லக்கா” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் போகவேண்டிய இடம் வேறு. அதனால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எது அழுத்துகிறது, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்ன மாத்திரை போடுகிறீர்கள். நாலு வரி போதும். போனில் எதிர்முனையில் குரல் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்போது தாளைப் பார்த்துப் படித்துவிடலாம்.

எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லையா, 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தொடங்கினார்கள். ராத்திரி, பகல் எந்நேரமும் காசில்லாமல் தமிழில் பேசலாம். முதலில் ஓர் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். “பேர் சொல்ல விருப்பமில்லை. தூக்கம் வரல, சும்மாவே அழுகை வருது” என்று ஆரம்பித்தால் போதும்.

இரண்டாவது சினேகா, 044-24640050. பேப்பரில் தற்கொலைச் செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் போடுவார்களே, அதே எண். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் கூப்பிட்டது இங்கேதான். “பிள்ளைங்களுக்காக தைரியமா இரு” என்று சொல்ல எனக்கு ஒரு தெருவே இருந்தது. குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள்தான் இல்லை. அந்த ஆள் அங்கே கிடைத்தார். விடியற்காலையில் பூப்படத்தோடு வரும் பாசிட்டிவ் வாட்ஸ்அப் பொன்மொழிகளை அன்றைக்கே ஒதுக்கிவிட்டேன்.

நம்பர் கிடைப்பது கஷ்டமில்லை, பேச இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு போர்ஷனில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எங்கே நின்று அழுவது? மொட்டை மாடிக்குப் போனால் யாராவது வடகம் காயப்போட வருவார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் பெரம்பூர் லூர்து மாதா கோயில் வளாகத்தில் உட்கார்ந்துதான் பேசுவார். அவர் பக்கா முருக பக்தை. அழுகிற பெண்ணை அங்கே யாரும் “என்னம்மா ஆச்சு?” என்று வந்து குடைவதில்லை என்பார். மாநகராட்சிப் பூங்காவின் ஓர பெஞ்சும் சரிதான். வீட்டில் உங்கள் போனை மற்றவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் பேசி முடித்ததும் அந்த அழைப்பை அழித்துவிடுங்கள். நான் பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து, ‘ஃபால், பீகோ’ என்று எழுதி, கீழே நம்பரைப் போட்டு ஜாக்கெட் கவருக்குள் வைத்துவிடுவேன். மற்றவர்கள் பிரித்தால் ஏதோ தையல் கணக்கென்று விட்டுவிடுவார்கள்.

வீட்டில் அடி விழுகிறதென்றால் பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098, வயதானவர்களுக்கு 14567.

குடிப்பவர் வீட்டில் இருந்தால் அவரைத் திருத்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். குடியை விட நினைப்பவர்களுக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இருப்பதுபோல், அவர்கள் வீட்டாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். சிகிச்சைக்கு அவரே சம்மதித்தால் இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. 1980லிருந்து போதை மீட்புக்கென்றே நடக்கிறது.

ஆஸ்பத்திரி என்றதும் “கீழ்ப்பாக்கமா?” என்று கிண்டலடிக்கும் ஊர் நம்மூர். அந்தக் கிண்டலால் எத்தனை பேர் வைத்தியமே பார்க்காமல் போனார்களோ. 1794இலிருந்து இந்த ஊருக்கு வைத்தியம் பார்த்துவரும் அரசு மனநல மருத்துவமனை அது. அங்கே போகக் கூச்சமென்றால் சென்ட்ரல் எதிரில் ஜி.எச்., வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். பழைய மருந்துச் சீட்டும் அந்த நாலு வரித் தாளும் கையில் இருக்கட்டும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். மூன்றாம் நாளே “ஒண்ணும் ஆகல” என்றும், தெளிந்ததும் “சரியாயிடுச்சு” என்றும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

உங்களிடம் யாராவது இப்படி வந்து பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேச்சு ஒரு மாதிரியாகப் போனால், “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பல பேருக்குப் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். கூடவே உட்கார்ந்து 14416ஐ நீங்களே போட்டுக் கொடுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் 108. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் வழிசெய்வது அரசின் கடமை.

இன்னொன்று. முதல் தடவை எடுத்தவரோடு பேச்சு ஒட்டவில்லை என்றால் வைத்துவிட்டு, அப்புறம் மறுபடி போடுங்கள். வேறொருவர் எடுப்பார்.