கௌபாய் நாவல் எழுதிப் பிழைப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950களில் டெட்ராய்ட் நகரத்து விளம்பர நிறுவனம் ஒன்றில் அமெரிக்க எழுத்தாளர் எல்மோர் லெனார்ட் வேலை பார்த்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஏழு மணி வரை கௌபாய் கதை எழுதுவார். எழுதத் தொடங்கும்வரை காப்பிக்குத் தண்ணீர்கூட வைப்பதில்லை என்று தனக்கே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆபீஸிலும் மேசை டிராயரைத் திறந்து, உள்ளே தாளை வைத்துக் கையை நுழைத்து எழுதுவார். யாராவது வந்தால் டிராயரை மூடிவிடலாம் இல்லையா! 1953இல் ஒரு சிறுகதைக்கு அவருக்குக் கிடைத்தது 90 டாலர், வார்த்தைக்கு இரண்டு சென்ட் கணக்கு.

இதைப் படிப்பவர்கள் உழைப்பைத்தான் மெச்சுவார்கள். எனக்கு அவர் வேலையை விட்ட வருஷம்தான் கண்ணில் படுகிறது: 1961. அதற்குள் தொலைக்காட்சியில் வாரத்துக்கு இரண்டு டஜனுக்கு மேல் கௌபாய் தொடர்கள் ஓடத் தொடங்கியிருந்தன. வீட்டில் சும்மா பார்க்கக் கிடைப்பதைக் காசு கொடுத்து எவன் படிப்பான்? கதைப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அந்த வருஷம் வந்த அவருடைய நாவல் 1,250 டாலருக்குத்தான் போயிற்று. பிறகு சில ஆண்டுகள் விளம்பர வாசகமும் கல்விப் படங்களுக்கு வசனமும் எழுதித்தான் காலம் தள்ளினார். 1969இல் குற்றக் கதைக்கு மாறினார்.

டெக்சஸின் கௌபாய் நாவலாசிரியர் எல்மர் கெல்ட்டன் வேறு ரகம். சான் ஆஞ்சலோ ஊரில் நாற்பது ஆண்டுக்கு மேல் விவசாயச் செய்தியாளர். ஆட்டு விலை, மாட்டுச் சந்தை, மழை நிலவரம் என்று எழுதிக்கொண்டே நாவலும் எழுதினார். 1950களின் கொடும் வறட்சியை நேரில் பார்த்துச் செய்தியாக எழுதியவர் என்பதால்தான் 1973இல் அதை நாவலாக்கியபோது அவ்வளவு உயிரோடு வந்தது. வேலையை அவசரப்பட்டு விடுவதுதான் முதல் தவறு. முதல் அட்வான்ஸ் வந்ததும் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறவர்கள் கெல்ட்டனை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, ஒரே ரேக்கை நம்புவது. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் சுழலும் கம்பி ரேக்கில் தொங்கிய பாக்கெட் சைஸ் புத்தகம்தான் கௌபாய் நாவலின் உயிர். விற்காத பிரதியைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பமாட்டார்கள். அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிவிட்டுப் புத்தகத்தைக் குப்பையில் போடுவார்கள். கிழிந்து வரப்போகும் அட்டைகளுக்காக எழுத்தாளரின் ராயல்டியில் ஒரு பகுதியைப் பதிப்பகம் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்காதவர்கள்தான் அதிகம். கௌபாய் நாவல்களை மாதாமாதம் வெளியிட்டு வந்த லீஷர் புக்ஸின் தாய் நிறுவனம் டார்செஸ்டர், 2010 ஆகஸ்டில் பாக்கெட் பதிப்பையே கைவிட்டு இ-புக்குக்கு மாறியது. ராயல்டி பாக்கி என்று எழுத்தாளர்கள் வெளிப்படையாகவே புகார் சொன்னார்கள். 2012இல் பழைய தலைப்புகளை அமேசான் வாங்கிக்கொண்டது.

சரி, பதிப்பகமே வேண்டாம், அமேசானின் கிண்டிலில் நாமே இ-புக் போட்டு விற்கலாம் என்று போனால்? விலை 2.99 டாலரிலிருந்து 9.99க்குள் இருந்தால் 70 சதவீதம் கிடைக்கும், வெளியே போனால் 35. நல்ல பங்குதான். ஆனால் மாதச் சந்தா வாசகர்களுக்கும் புத்தகத்தைத் திறந்துவிட்டால், 90 நாள் அந்த இ-புக்கை வேறெங்கும் விற்கக்கூடாது. அந்த டிக்கைப் போடும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. 90 நாள் முடிந்ததும் அது தானாகவே புதுப்பித்துக்கொள்வதையும்தான்.

பெயர் விஷயத்திலும் வழுக்கல் உண்டு. பதிப்பகம் வைத்திருக்கும் புனைபெயரில் எழுதிக் கொடுத்தால் உடனே காசு, ஆனால் வாசகர் தேடி வருவது அந்தப் பெயரைத்தான். பிரபல கௌபாய் நாவலாசிரியர் லூயி லமோர் தொடக்கத்தில் 'டெக்ஸ் பர்ன்ஸ்' என்ற பெயரில் நாலு நாவல் எழுதிவிட்டு, வாழ்நாள் முழுக்க நான் எழுதவில்லை என்று சாதித்தார். (சிவகாசி காமிக்ஸில் நமக்கு வந்த டெக்ஸ் வில்லர் வேறு ஆள், அவர் இத்தாலியச் சித்திரக்கதை நாயகர்.) இன்னொரு கௌபாய் நாவலாசிரியர் வில்லியம் ஜான்ஸ்டோன் 2004இல் இறந்தார், அவர் பெயரில் புத்தகங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எழுதும் கை வேறு.

எல்லாவற்றையும்விட ஆளைச் சாய்ப்பது 'அச்சில் இல்லை' என்ற ஷரத்து. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்று பழைய ஒப்பந்தங்கள் சொல்லும். அன்று அதற்கு அர்த்தம் இருந்தது: கிடங்கு காலி, மறுபதிப்பு இல்லை. இன்று இ-புக் ஒன்று சர்வரில் கிடந்தாலே, கேட்டால் ஒரு பிரதி அச்சடித்துத் தர முடிந்தாலே, புத்தகம் 'அச்சில்' இருப்பதாகப் பதிப்பகம் வாதிடலாம். வருஷத்துக்கு மூன்று பிரதி விற்றாலும் உரிமை வராது. ஆகவே ஷரத்தில் எண் இருக்க வேண்டும்: தொடர்ந்து இரண்டு ராயல்டி கணக்கில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை என்னுடையது என்று.

அதைக் கோட்டைவிட்டவர்களுக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இன்னொரு கதவு வைத்திருக்கிறது. 1978 முதல் எழுத்தாளரே எழுதிக்கொடுத்த பதிப்புரிமையை, புத்தகம் வெளிவந்து 35 ஆண்டு அல்லது கையெழுத்துப் போட்டு 40 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது, அமெரிக்க அளவில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கூலிக்கு எழுதிக் கொடுத்ததாக ஒப்பந்தம் இருந்தால் இது செல்லாது. டெக்ஸ் பர்ன்ஸ் மாதிரி வேலைகளில் கவனம் தேவை. தானாகவும் திரும்பாது. 1994இல் கையெழுத்தாகி 1995இல் வெளிவந்த நாவல் 2030இல் கைக்கு வர வேண்டுமானால் 2028க்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். 2030 தவறினாலும் அதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஒரு தேதி குறித்துத் திரும்ப எடுக்கலாம், அவகாசம் அவ்வளவுதான். அதையும் விட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.