தாத்தாவுக்கு மறதி: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களில், எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் இப்போது நிறைய. அவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் “வயசாச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். மோட்டார் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. தினமும் போய்வரும் ஒட்டுக்கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது வேறு. 2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் (டிமென்ஷியா) இருக்க வாய்ப்புண்டு.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. எல்லா மறதிக்கும், மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்ஸைமரின் பெயரை வைத்துக் கையை விரித்துவிடுவது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே மறதியாக வெளிப்படும். மருந்தில் தேறவும் செய்யும். இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், நம் வீடுகளில் அவர்களுக்கா பஞ்சம்! லேசாகத் தவறி விழுந்தவருக்குச் சில வாரம் கழித்து மூளைமேல் ரத்தம் கட்டிக் குழப்பம் வரலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை சிகிச்சையும் உண்டு. சோறு தொடாமல் சம்சு என்ற மலிவுச் சாராயமே கதியென்று கிடந்தவருக்கு வைட்டமின் பி1 வற்றி நினைவு தடுமாறும். அதற்கு உடனே ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் போனது திரும்பாது.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள மருந்து மொத்தத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுத்த அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையைப் பாருங்கள், அதாவது குளோர்ஃபெனிரமின். “போட்டால் நல்லாத் தூக்கம் வருது” என்று பாட்டி தினமும் ஒன்று போட்டிருப்பார். வயதானவர்களின் மூளையைக் குழப்பும் மருந்து அது. சளி மருந்துதானே என்று அதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

ஞாபகப் பரிசோதனைக்குப் பாட்டியைத் தனியே உள்ளே அனுப்பாதீர்கள். பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர், பெரட்டையும் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) சம்பள நாளையும் வைத்தே காலத்தைக் கணக்கிட்டவர். மலாய் மொழியில் தேதி கேட்டால் நோயில்லாமலே தோற்றுப்போவார். கூடப் போகிறவர் தமிழில் கேட்டுச் சொல்லட்டும். பாசத்தில் பதிலையும் எடுத்துக்கொடுத்துவிடாமல் இருந்தால் சரி.

அல்ஸைமரில் அமிலாய்டு, டாவ் என்ற புரதங்கள் மூளையில் படியத் தொடங்கிப் பல வருஷம் கழித்துத்தான் மறதி வெளியே தெரியும். அலுமினியச் சட்டியால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதும் மிக அரிதான சில குடும்பங்களுக்கே பொருந்தும். சட்டியைத் தூக்கிப் போடுகிறவர்கள் சிகரெட்டைப் போடுவதில்லை! மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் மறதி நோய்களில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் கணித்தது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, புகை இவையெல்லாம் அதில் உண்டு. காது மந்தமும் உண்டு. ஆலை இயந்திரச் சத்தத்திலேயே காலம் தள்ளியவர்களுக்குக் காதைச் சோதித்துக் கருவி வாங்குவதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

சிகிச்சைக்கு வருவோம். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் எதுவும் நோயைப் போக்காது. சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்சகாலம் மட்டுப்படுத்தும். ஒரு மாதம் கொடுத்துவிட்டு “ஒன்னும் மாறலையே” என்று நாமாக நிறுத்துவது தவறு. மோசமாகாமல் இருப்பதே அங்கே பலன். ரிவாஸ்டிக்மின் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது, அதில் ஆபத்தான தவறு ஒன்று நடக்கும்: பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டுவது. காலையில் மகள் ஒட்டுவார், அடுத்த நாள் மருமகள் இன்னோர் இடத்தில் ஒட்டுவார். மருந்து இரட்டிப்பாகி வாந்தி, மயக்கம், நாடி குறைவு என்று முடியும். முதலில் முதுகு, கை, மார்பு எல்லாம் பார்த்துப் பழைய பட்டையை எடுங்கள். பிய்த்துப் போடுகிறவராக இருந்தால் முதுகில், கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டுங்கள்.

லெக்கானெமாப் போன்ற அல்ஸைமருக்கான புதிய மருந்துகளைக் கேள்விப்பட்டு வீட்டை அடகு வைக்கத் துணிகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவை ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டுமே. சோதனையில் 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது, போன நினைவு திரும்பவில்லை. மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். டப்பாவில் விற்கும் ஞாபகசக்தி மாத்திரைகளுக்கு இந்த அளவு ஆதாரமும் கிடையாது. ஜின்கோ இலைச்சாறு மறதி நோயைத் தடுக்கவில்லை என்று மூவாயிரம் பேருக்கு மேல் சோதித்து 2008-லேயே சொல்லிவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அது ரத்தப்போக்கையும் கூட்டலாம்.

வீட்டில் அதிகம் நடப்பது வாக்குவாதம்தான். பால்மரம் வெட்டிய தாத்தா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உளியைத் தேடுவார், பெரட்டுக்கு நேரமாச்சு என்பார். “தோட்டத்தையே வித்துட்டாங்க தாத்தா” என்று நிரூபிக்கப் போனால் கோபம்தான் ஏறும். “கோப்பி குடிச்சிட்டுப் போகலாம் தாத்தா” என்று விளக்கைப் போட்டு உட்கார வையுங்கள், பாதி நாள் அதிலேயே அடங்கிவிடும். வாசல் கதவில் மணி கட்டிவையுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இரண்டே நாளில் திடீரென்று ஆள் மாறிப்போனால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அல்ஸைமர் அப்படித் தாவாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மருந்துப் பையோடு.